யார் அளந்தது?

கிரிகரிக்கு முதலில் அடைத்தது ஒரு துண்டு சப்பாத்தி. ஆகஸ்ட் மாத நடுவில், போர்ட் கிள்ளானில் அவர் வேலை செய்யும் கன்டெய்னர் டெப்போவுக்கு எதிர்க்கடையில், மத்தியானச் சாப்பாட்டின்போது. தொண்டையில்கூட இல்லை. இன்னும் கீழே, நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் வந்து நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தார், மெதுவாக இறங்கியது. சப்பாத்தி காய்ந்துபோயிருந்தது என்று முடிவு செய்து, மறுநாளிலிருந்து தோசைக்கு மாறினார். செப்டம்பர் கடைசியில் தோசையும் நின்றது. இட்லிக்கு மாறினார். நவம்பரில் இட்லியைச் சாம்பாரில் கரைத்து ஸ்பூனால் குடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி டோரிஸ் கவனிக்காமல் இல்லை. என்ன ஆச்சு என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். "கேஸ்ட்ரிக்" என்றார். கிள்ளானில் கேஸ்ட்ரிக் இல்லாத ஆள் யாரும் கிடையாது என்பதால் அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

டிசம்பர் முதல் சனிக்கிழமை மகள் ஏமிக்குக் கல்யாணம். மறுவாரம் வீடியோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்து வந்து, டோரிஸ் தனியாக உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தாள். விருந்துக் காட்சி ஒரு மணி நாற்பது நிமிடம். அதில் கிரிகரி கையில் பிரியாணித் தட்டோடு மேசை மேசையாகப் போய், நல்லா சாப்பிடுங்க, வெக்கப்படாதீங்க என்று எல்லோரையும் உபசரிக்கிறார். தட்டு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே தட்டு. பிரியாணி ஆரம்பத்தில் எவ்வளவு இருந்ததோ கடைசியிலும் அவ்வளவே இருந்தது. கோழிக்கால் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

டோரிஸ் வீடியோவை நிறுத்திவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"எத்தனை நாளா?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஆகஸ்ட்டு" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். கிறிஸ்துமஸ் வாரத்தில் கிள்ளானில் ஒரு தனியார் மையத்தில் முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அங்கே சிகிச்சை தொடங்குவதற்கு முன் இரண்டாவது ஸ்கேன். பிறகு ஆறு வாரம் கீமோவும் ரேடியேஷனும். கட்டி சுருங்கினால் ஆப்பரேஷன். வளர்ந்திருந்தால் ஆப்பரேஷன் இல்லை, சாப்பாடு இறங்குவதற்கு உள்ளே ஒரு கம்பிக்குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மே மாதக் கடைசியில் மூன்றாவது ஸ்கேன் எடுத்தார்கள்.

கேட்டவர்களிடமெல்லாம் கிரிகரி ஒரே காரணத்தைச் சொன்னார். "ஏமி கல்யாணம் இருந்துச்சு. அந்த நேரத்துல சொல்லி எல்லாரையும் கலங்கடிக்க வேணாம்னு பாத்தேன்." சொந்தக்காரர்களுக்கு இது பிடித்திருந்தது. சிலர் கண் கலங்கினார்கள். டோரிஸ் எழுந்து காப்பி போடப் போய்விடுவாள்.

மூன்றாவது ஸ்கேனின் முடிவைச் சொன்னவர் டாக்டர் சுகுமாறன், ஆப்பரேஷன் செய்ய வேண்டியவர். நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்லும்போது பேனாவை மூடி வைத்துவிடுவார். அன்றைக்கு மூடி வைத்தார்.

"சாரி அங்கிள். மருந்துக்குக் கட்டுப்படல. வளந்திருக்கு."

"எவ்வளவு?"

"சுவர் தடிப்பு பதினெட்டு மில்லிமீட்டர் இருந்துச்சு, இப்போ இருபத்தொண்ணு. நீளமும் கூடியிருக்கு."

"யாரு அளந்தது?"

டாக்டர் சுகுமாறனிடம் இந்த இடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இன்னும் எவ்வளவு நாள் என்பார்கள். சிங்கப்பூருக்குக் கொண்டுபோகலாமா என்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"ரேடியாலஜி டிபார்ட்மெண்ட்."

"அது டிபார்ட்மெண்டு. ஆளு யாரு?"

டோரிஸ் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். டாக்டர் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தார். அடியில் இரண்டு வேறு பெயர்கள்.

"பிப்ரவரில அளந்தவரு வேற, மே மாசம் அளந்தவரு வேறயா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் அளந்தாங்களா?"

"அங்கிள், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கன்டெய்னர் சர்வேயர்."

கப்பலிலிருந்து திரும்பி வரும் காலிப் பெட்டிகளைச் சுற்றி நடந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று டேப் வைத்து அளந்து சாக்பீஸால் குறி போடுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருடம். குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் போனால் பெட்டியைப் பழுதுபார்க்க வேண்டும். போகாவிட்டால் அப்படியே அடுத்த கப்பலில் ஏற்றலாம். ஒரே பள்ளத்தை ஒருவர் முப்பத்துமூன்று மில்லிமீட்டர் என்பார், இன்னொருவர் முப்பத்தேழு என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டேப்பின் நுனியை எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

"இது கன்டெய்னர் இல்ல, அங்கிள்" என்றார் டாக்டர், மெதுவாகத்தான்.

"கன்டெய்னருக்கே தகராறு வந்தா ரெண்டாவது ஆளு வந்து அளந்து கையெழுத்துப் போடணும், டாக்டர்."

டாக்டர் சுகுமாறன் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு போனை எடுத்துக் கீழ்மாடிக்குப் பேசினார்.

திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சுபாங் ஜெயா தாண்டிய பிறகுதான் டோரிஸ் பேச ஆரம்பித்தாள். அவள் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. வாயை வீணாக்குகிறவள் இல்லை.

"உங்களுக்கு நல்ல சேதி வேணுமா, சரியான சேதி வேணுமா?"

"சரியானது."

"நெசமாவா?"

"மூணு மில்லிமீட்டருக்கு ஒரு ஆளைக் கழிச்சுக் கட்டுவாங்களா? அளவு சரியா இருந்தாக் கட்டட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

டோரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷா ஆலாமில் ஏறிய ஒரு பெண் தன் பிள்ளைக்கு உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்தாள். அந்தப் பிள்ளை மென்று விழுங்குவதைக் கிரிகரி கிள்ளான் வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுவாரம் ரேடியாலஜிஸ்ட் கூப்பிட்டார். டாக்டர் பிரேமினி, நாற்பது வயதிருக்கும். மூன்று திரை வைத்த இருட்டறையில் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரிகரியையும் டோரிஸையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தன் உடம்பின் குறுக்குவெட்டைக் கிரிகரி அப்போதுதான் முதன்முதலில் பார்த்தார். முதுகெலும்புக்கு முன்னால், கருப்பு நுரையீரல்கள் இரண்டுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை இருந்தது.

"இதா?"

"இதுதான். அங்கிள், நீங்க கேட்டது நல்ல கேள்வி. அதனாலதான் கூப்பிட்டேன். தண்ணி வராத ஹோஸ் பைப் எப்படி இருக்கும்? அமுங்கிக் கெடக்கும் இல்லையா? உணவுக்குழாயும் அப்படித்தான். வெறுமனே இருந்தா சுருங்கிக்கும். சுருங்கினா சுவர் தடிப்பாத் தெரியும். அது மட்டும் இல்ல, ரேடியேஷன் குடுத்தா உள்ள வீங்கும். வீக்கத்தையும் கட்டியையும் சேத்து அளந்துட்டா வளந்த மாதிரிதான் தெரியும்."

"அப்போ வளரலயா?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் பிரேமினி. "வளந்தும் இருக்கலாம். இந்தப் படத்தை வச்சுச் சொல்ல முடியாதுங்கறதுதான் நான் சொல்ல வந்தது."

புதிய முறையில் எடுத்துப் பார்க்கலாம் என்றார். வாயுப்பொடி கொடுத்துக் குழாயை விரியவைத்து, சாய மருந்து ஏற்றி, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு படமாக எடுப்பது. ஒரு இடத்தில் தடிப்பை அளப்பதற்குப் பதில் கட்டி முழுவதையும் படம் படமாகச் சுற்றி வரைந்து மொத்தக் கன அளவு பார்ப்பது. உயிரோடு வளர்கிற கட்டி சாய மருந்தை வேகமாக இழுத்துக்கொள்ளும், வெறும் வீக்கம் அப்படி இழுக்காது, அதையும் பார்ப்பது. வீக்கம் கொஞ்சம் வடிய மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

"யாரு அளப்பா?" என்றார் கிரிகரி.

"நான் ஒரு தடவ அளப்பேன். என் சீனியர் ஒரு தடவ அளப்பாரு. நான் எழுதினத அவருக்குக் காட்ட மாட்டேன்."

கிரிகரி தலையாட்டினார். டிசம்பருக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவருக்குத் திருப்தியாக இருந்த முதல் பதில் அதுதான்.

அந்த மூன்று வாரமும் அவர் வேலைக்குப் போனார். பன்னிரண்டு கிலோ குறைந்திருந்ததால் பாதுகாப்பு ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. கூட வேலை செய்யும் நாகையா தினமும் இளநீர் வாங்கி வந்து, யார் வாங்கியது என்று சொல்லாமல் அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். டோரிஸ் மாதாவுக்கு நவநாள் ஜெபம் தொடங்கினாள். வீட்டில் இருவரும் பேசிக்கொண்டார்கள்: மருந்து, கரண்ட் பில், ஏமி போன் பண்ணினாளா. ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. பொடியை வாயில் கொட்டி ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தாள் மலாய்க்காரத் தாதி. வயிற்றுக்குள் சோடா பாட்டிலைக் குலுக்கியதுபோல் இருந்தது.

"ஏப்பம் விடக்கூடாது, பாச்சிக்" என்று மலாயில் சொன்னாள். "தாஹான், தாஹான்." பாச்சிக் என்றால் மாமா, தாஹான் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் கிரிகரி பொறுத்துக்கொண்ட விஷயங்களில் இதுதான் மிகக் கடினமானது. மேசை அவரை வளையத்துக்குள் இழுத்தது. சாய மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். வாயுவும் மூச்சும் நெஞ்சில் நெருக்கிக்கொண்டு நின்றபோது, திடீரென்று தனக்குச் சரியான சேதி வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்தது. நல்ல சேதி வேண்டும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. டேப்பின் நுனியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாவது யாராவது சின்ன எண்ணாக எழுதிக் கொடுத்தால் போதும். கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கையை அசைக்கக்கூடாது. ஏப்பமும் விடக்கூடாது.

"நல்லா செஞ்சீங்க" என்றாள் தாதி, வெளியே இழுத்தபின். அவர் விட்ட ஏப்பம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது.

நான்கு நாள் கழித்து அதே இருட்டறை. டாக்டர் சுகுமாறனும் வந்து சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பழைய படங்களையும் இதே மாதிரி அளந்துட்டேன்" என்றார் பிரேமினி. "பிப்ரவரில முப்பத்தொரு சி.சி. இப்போ பதினேழு. என் சீனியர் பதினெட்டுன்னு சொல்றாரு. சாயம் இழுக்கறதும் பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. வளரல, அங்கிள். சுருங்கியிருக்கு."

"ஆப்பரேஷன் பண்ணலாம்" என்றார் சுகுமாறன் சுவரிலிருந்து. "புதன்கிழமை டாக்டருங்க மீட்டிங்ல வைக்கறேன். மத்தவங்களும் ஒத்துக்குவாங்க."

கிரிகரி நன்றி சொல்ல வாயைத் திறந்தார். டோரிஸ் முந்திக்கொண்டாள்.

"டாக்டர், எனக்கு ஒரு கணக்கு வேணும்."

"கேளுங்க ஆன்டி."

"டிசம்பர்ல கிள்ளான்ல ஒரு படம் எடுத்தோம். பிப்ரவரில இங்க ஒண்ணு. நடுவுல ஒரு வைத்தியமும் இல்ல. அதுல எவ்வளவு வளந்துச்சு?"

பிரேமினி திரையைப் பார்த்தார். "டிசம்பர்ல இருபத்துநாலு. பிப்ரவரில முப்பத்தொண்ணு."

"ஏழு வாரத்துல அவ்வளவு. சரி. அப்போ அதுக்கும் முன்னாடி பதினேழு வாரம் பின்னால போனா எவ்வளவு இருந்திருக்கும்? ஆகஸ்ட்டுல."

பிரேமினி கிரிகரியைப் பார்த்தார். கிரிகரி கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வேகத்துலதான் வளந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஆன்டி. கிள்ளான் படமும் அவ்வளவு தெளிவா இல்ல."

"தெரியும். இருந்தாலும் சொல்லுங்க."

"ஏறக்குறைய பாதி. பன்னெண்டு, பதிமூணு."

"பாதி" என்றாள் டோரிஸ். "தேங்க்ஸ் டாக்டர்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. தெருவைத் தாண்டிப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். டோரிஸ் தனக்கு வாழையிலைச் சாப்பாடு சொன்னாள், அவருக்கு ஹார்லிக்ஸ். கிரிகரி நோயில் விழுந்த பிறகு அவர் முன்னால் அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. அன்றைக்கு ரசம்வரை சாப்பிட்டாள். அப்பளத்தையும் நொறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி காக்க வச்சது ஏழு வாரம்" என்றாள். "நீங்க காக்க வச்சது பதினேழு."

"ஏமி கல்யாணம்..."

"கல்யாணம்னு சொல்லாதீங்க." குரலை உயர்த்தவில்லை. "ஆகஸ்ட்டுல மண்டபம்கூட புக் பண்ணல. ஊருக்குச் சொல்லுங்க, எனக்குச் சொல்லாதீங்க."

கிரிகரி ஹார்லிக்ஸைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் கார் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இருந்துச்சு" என்றார்.

டோரிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் அடைச்சுச்சு. ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ. ஆஸ்பத்திரிக்குப் போனாரு, மூணு மாசத்துல முடிஞ்சுருச்சு. போகாம இருந்தா முடியாதுன்னு... என்னமோ அப்படித் தோணுச்சு. சொன்னா நீ இழுத்துக்கிட்டுப் போயிருவ. அதான் சொல்லல. ரொம்பப் பயந்துட்டேன், டோரிஸ்."

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. 2001இல் கம்போங் மேடானில் அவள் அக்கா வீட்டுப் பக்கம் கலவரம் நடந்தபோது, போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போய்க் குடும்பத்தை வேனில் ஏற்றி வந்தவர். அன்றைக்கும் சொன்னதில்லை.

அவள் இலையை மூடினாள். கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"எனக்குக் கோவம் இன்னும் போகல. சீக்கிரம் போவாது" என்றாள். "ஹார்லிக்ஸைக் குடிங்க. ஆறிப்போச்சு."

ஜூலையில் ஆப்பரேஷன் நடந்தது. எட்டரை மணி நேரம். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துக் கழுத்தருகே தைத்தார்கள். மூன்று நாள் ஐ.சி.யூ. நான்காம் நாள் நிமோனியா வந்தது, ஏழாம் நாள் அடங்கியது. டோரிஸ் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தாள். தாதிகள் அவளிடம்தான் சார்ட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் கட்டியில் உயிரோடிருந்த பகுதி கொஞ்சம்தான். ஆனால் பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகள் இரண்டில் நோய் இருந்தது. அது ஸ்கேனில் தெரிந்திருக்கவில்லை. டாக்டர் பிரேமினி வார்டுக்கே ஏறி வந்து அதைச் சொன்னார்.

"படத்துல அது ரொம்பச் சின்னதா, நார்மலா இருந்துச்சு, அங்கிள். நானும் விட்டுட்டேன், சீனியரும் விட்டுட்டாரு. மறுபடி போய்ப் பாத்தேன். இப்போ தெரிஞ்சு பாத்தாலும் நார்மலாத்தான் தெரியுது."

கிரிகரிக்குக் குரல் இன்னும் திரும்பவில்லை. கழுத்தில் கட்டு. கையை நீட்டி, அவர் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார். தேறிய பிறகு டோரிஸ் ஏன் என்று கேட்டதற்கு, "வந்து சொன்னாங்கல்ல" என்றார்.

அந்த இரண்டு முடிச்சுகளுக்காக ஒரு வருடம் ஊசி மருந்து போட வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். இதுவரை இரண்டு எடுத்தாகிவிட்டது, இரண்டிலும் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் யாரும் உறுதி சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கிரிகரி அரைநாள் வேலைக்குப் போகிறார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கைப்பிடியளவு சாப்பிடுகிறார். படுத்தால் சாப்பிட்டது மேலே வரும் என்பதால் நான்கு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறார். டோரிஸ் பக்கத்தில், அவரைவிட ஒரு அடி தாழ்வாகப் படுக்கிறாள்.

இப்போது எல்லாவற்றையும் சொல்கிறார். விக்கல் வந்தால் சொல்கிறார். முழங்கை அரித்தால் சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமை டோரிஸ் பள்ளிக்கூடத்தில் மாதக் கடைசி வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"டோரிஸ், வலது தோள்ல ஒரு மாதிரி இழுக்குது."

டோரிஸ் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, தூங்கும்போது பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். காரில் ஏறி உட்கார்ந்து டோரிஸ் சாவியைப் போட்டாள். உடனே கிளப்பவில்லை.

"இதெல்லாம் ஆபீஸ் நேரத்துல சொல்லணும்னு இல்ல லா" என்றாள். "சாயங்காலம் வந்ததும் சொன்னாப் போதும்."

"சரி" என்றார் கிரிகரி. பிறகு, இடது தோளிலும் லேசாக இருப்பதாகச் சொன்னார்.